கடற்பக்கச் சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பு

முழங்காவிலுக்கும் பூநகரிக்கும் இடையில் ஏ-32 வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கினால் எங்கள் ஊர்ச் சிற்றாலயம் தெரியும். சுவர் இரண்டடித் தடிப்பு. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. 2011இல், மீளக்குடியேறி வந்த பிறகு, கூரையில்லாமல் நின்ற அந்தச் சுவர்களுக்குச் சீமெந்துப் பூச்சுப் போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது மேசன் வேலை பழகி எனக்கு இரண்டு வருடம். ஒன்றுக்கு நாலு கலவை, மட்டக்கோல் வைத்து இழுத்த நேர், கண்ணாடி போல முகம். ஊரே சந்தோசப்பட்டது. நானும் தான்.

நாலாவது மாரியோடு கடற்பக்கச் சுவர் அடியிலிருந்து வீங்கத் தொடங்கியது. தட்டினால் வெறும் பானையின் சத்தம். பெயின்ற் உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உவர் பூத்து, தரையில் மா கொட்டியது போலத் தூள். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன் அந்த இடத்தைச் சுரண்டி, மேலே இன்னும் கொஞ்சம் சீமெந்து அப்பி, பெயின்ற் அடித்து விடுவோம். அடுத்த மாரிக்கு வீக்கம் இன்னும் ஒரு முழம் மேலே ஏறியிருக்கும். இந்த வருடம் மாசி மாதம் பாதர் அந்தச் சுவரை என்னிடம் ஒப்படைத்தபோது, இன்னொரு தரம் சீமெந்து பூசுவதில்லை என்பதை மட்டும் முடிவெடுத்து வைத்திருந்தேன். மற்றதெல்லாம் வேலைக்குள் இறங்கிப் படித்தது. அதைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் பழைய ஆலயமோ, கோயிலோ, மடமோ உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும்.

மாசி, முதல் கிழமை

சீமெந்தைக் கழற்றுவதுதான் முதல் வேலை. இரண்டரைக் கிலோச் சுத்தியலும் உளியுமாக இறங்கினேன். முதல் மணித்தியாலத்திலேயே கை நின்றுவிட்டது. சீமெந்துப் பலகை கழன்றபோது கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் மழையையும் கடற்காற்றையும் தாங்கிய கல்லை நான் ஒரே அடியில் உடைத்துப் போட்டேன். பெரிய சுத்தியலைத் தூக்கி வைத்துவிட்டுக் கிறைண்டரை எடுத்தேன். பூச்சை மட்டும் ஓரடிச் சதுரங்களாக, கல்லில் படாமல், முக்கால் ஆழத்துக்கு வெட்டினேன். அப்புறம் சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சதுரமாக நெம்பினேன். ஒரு நாளைக்கு நாலைந்து சதுர அடிதான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு உடைந்தது இரண்டு கல் மட்டும்.

பூச்சுக்குப் பின்னால் கல் ஈரமாக இருந்தது. மாசி வெயில், மழை நின்று ஒரு மாதம், ஆனாலும் விரலை வைத்தால் குளிர்ந்தது. சில கற்களின் முகம் ஒரு அங்குல ஆழத்துக்கு ஊறின பாண் மாதிரி உதிர்ந்தது.

எங்கள் ஊரில் முன்பு சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்ற ஓர் அப்பு இருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயது. கதிரை போட்டு வந்திருந்து பார்த்தவர் சொன்னார்: "தம்பி, சுவருக்கும் வேர்க்கும். நீங்கள் அதுக்கு மழைச்சட்டை போட்டெல்லோ விட்டிருக்கிறியள்."

அவர் சொன்னதுதான் முழு விசயமும். நிலத்து ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். கடலோர நிலம் என்றால் அந்த ஈரத்தில் உப்பும் கரைந்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் நுண்துளை உண்டு. ஈரம் அதன் வழியே வெளியில் வந்து காற்றில் ஆறிவிடும், உப்பும் பூச்சின் முகத்திலேயே படியும். பூச்சு கெட்டால் வேறு பூசலாம், கல்லுக்கு ஒன்றுமில்லை. சீமெந்துப் பூச்சோ கல்லை விட இறுக்கமானது. ஈரம் அதற்குப் பின்னால் தேங்கும். ஆறும்போது உப்பு அங்கேயே பளிங்காகும். பளிங்கு வளர இடம் வேண்டும். அந்த நெருக்கலில் உடைவது சீமெந்து அல்ல, மெதுவான கல். நாங்கள் ஒவ்வொரு வருடமும் மேலே அப்ப அப்ப, ஈரம் ஆறுவதற்கு இடம் தேடி இன்னும் உயரமாக ஏறியிருக்கிறது.

கழற்றி முடித்த அன்று பின்னேரம் வெயில் சரிந்து சுவரில் விழுந்தபோது, கல்லில் பூப்பூவாக அடையாளம் தெரிந்தது. ஒரு கல்லில் தேன்கூடு போல ஒரு விரல் அகலக் கண்கள். அடுத்த கல்லில் ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்திருக்கிறது. முருகைப் பூச்சி கடல்நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தை எடுத்துத் தனக்கு வீடு கட்டும். அது செத்த பிறகு அதன் மேல் அடுத்தது கட்டும். பாறை போலத் திரண்டு வளரும் முருகை வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். ஓரடித் தடிப்புக் கல் ஒன்று வளர முப்பது வருடம். அப்படிப் பார்த்தால் இந்தச் சுவரை மேசன் கட்டியதை விடக் கடல் கட்டியதுதான் அதிக காலம்.

சமையலுக்கு வாங்கிய தேசிக்காயைப் பாதியாக வெட்டி, உடைந்த கல்லில் இரண்டு துளி பிழிந்தேன். சர்ரென்று நுரைத்தது. பழைய சாந்துக் கட்டியில் பிழிந்தேன், அதுவும் நுரைத்தது. வாசற்படிக் கருங்கல்லில் பிழிந்தால் ஒரு அசைவும் இல்லை. இதை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். நுரைத்தால் அதில் இருப்பது சுண்ணக்கல்லின் பொருள், அதாவது கல்சியம் காபனேற்று. வெளியேறும் குமிழி காபனீரொட்சைட்டு.

இந்த இரண்டு கல்லும் நமது வன்னியின் இரண்டு பக்கம். வவுனியாவில், மாங்குளத்தில் கிணறு தோண்டினால் முட்டுகிற கருங்கல், பூமிக்கு அடியில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை. புவியியலாளர் அதற்கு வைத்த பெயரே வன்னித் தொகுதி. கரையோரம் வேறு கதை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும், பூநகரி, மன்னார் என்று புத்தளம் வரைக்கும் நிலத்தடியில் ஓடுவது சுண்ணக்கல். மயோசீன் காலத்தில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் கரையெல்லாம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பி, முருகை, கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்கள் எல்லாம் செத்துச் செத்து அடியில் படிந்தன. மேலே விழுந்த படைகளின் பாரம் அடியை நெருக்கியது. இடைவெளிகளில் இருந்த நீரிலிருந்து சுண்ணாம்பு பளிங்காகி, பசை போல எல்லாவற்றையும் ஒட்டியது. அதுதான் கல்லாக இறுகியது.

அது இறுகியபடியே இருப்பதும் இல்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் புளிப்பாகும். அந்தப் புளிப்புச் சுண்ணக்கல்லைக் கரைக்கும். கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அப்படிக் கரைந்த நிலத்தின் வேலை. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையும் அதே கல்தான். கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வந்தது, கொதித்ததும் திரும்பக் கல்லாகிறது.

மாசி, கடைசிக் கிழமை

அப்புவின் காலத்தில் முருகைக்கல்லையே உடைத்துச் சுட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். 1988இல் கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி முருகைக்கல் தோண்டுவதைத் தடுத்தார்கள். சரியான சட்டம்தான். கரையைக் காப்பதே அந்தக் கல். உதிர்ந்த ஒன்பது கற்களுக்குப் பதிலாக, ஆலயத்தின் இடிந்த பின்னறையில் குவிந்து கிடந்த பழைய கற்களையே எடுத்தோம்.

பூச்சுக்கான சுண்ணாம்பு மாத்தளைப் பக்கத்துச் சூளையிலிருந்து கட்டியாக வந்தது. கடையில் பையில் கிடைக்கும் தூள் சுண்ணாம்பை ஒரு சதுர அடியில் முதலே பூசிப் பார்த்தேன். எத்தனை நாள் கடையில் கிடந்ததோ, காய்ந்ததும் விரலோடு வந்தது. மாத்தளைக் கல்லும் ஒரு காலத்தில் சுண்ணக்கல்தான். சூட்டில் உருமாறிச் சலவைக்கல் ஆனது. ஆனால் அதில் மக்னீசியமும் கலந்திருக்கிறது. இது எனக்குப் பின்னால் வினையாகும் என்று அப்போது தெரியவில்லை.

ஆலயத்துக்குப் பின்னால் குழி வெட்டித் தறப்பாள் விரித்து நீற்றினோம். முதலில் தண்ணீர், அப்புறம் கட்டி. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரும் குழிக்குக் கிட்டப் போகக்கூடாது, பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்த வளவுக்குள்ளேயே விடவில்லை. கட்டி போட்டுக் கொஞ்ச நேரத்தில் குழி முழுக்கக் கொதித்தது. அடுப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்க்க ஊரில் பாதிப்பேர் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

பங்குனியில் குழிச் சுண்ணாம்புக்கு மூன்று கிழமை வயதானபோது அவசரப்பட்டு ஒரு மூலையில் பூசிப் பார்த்தேன். பத்து நாளில் பூச்சு முகம் பொரி வெடித்தது போலக் குழிகுழியாகத் தெறித்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மிளகளவில் ஒரு வெள்ளை மணி. அது நீறாமல் போன சுண்ணாம்பு. மக்னீசியம் கலந்தது, அதிகம் வெந்தது எல்லாம் மெதுவாகத்தான் நீறும். சுவரில் ஏறிய பிறகு நீறினால் பருத்து வெடிக்கும். அப்பு கோபிக்கவில்லை. "ஊறட்டும் தம்பி. வைகாசி மட்டும் அதைத் தொடாதையுங்கோ" என்றார். குழியை மூடி, மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். பிறகு எடுக்கும்போது ஒவ்வொரு வாளியையும் நுண்ணிய அரிதட்டில் வடித்தேன்.

இடையில் சுவரைச் சும்மா விடவில்லை. பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஊறவைத்துக் கூழாக்கி, வெறும் கல்லில் ஒரு விரல் தடிப்புக்கு அப்பினோம். தாள் காயும்போது கல்லில் உள்ள உப்பை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்து கழன்றதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கருவாட்டு உப்பு. மூன்று தரம் அப்பினோம். மூன்றாவதில் உப்பு குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் சுவரில் அது முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

சித்திரை

கடைசிப் படைக்கு மட்டும் எங்கள் கரையின் சுண்ணாம்பு வேண்டும் என்பது அப்புவின் ஆசை. எனக்கும் அதுதான். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்த்திருக்கிறேன். பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. கடல் அரித்துப் பாதி விழுந்துவிட்டது. ஆனால் ஒட்டியிருக்கும் பூச்சைத் தடவினால் இன்னும் வழுவழுப்பு. அதுவும் சிப்பி சுட்ட சுண்ணாம்பு.

வீடுவீடாக, வாடி வாடியாகச் சமைத்து எறிந்த மட்டி ஓடுகளையும் சிப்பி ஓடுகளையும் சேர்த்துக் கழுவினோம். மீன் நிறுக்கும் தராசில் 50 கிலோ. அரைப் பரலுக்குள் செங்கல்லும் களியும் வைத்து, அடியில் காற்றுக்கு நாலு துளை. ஒரு படை சிரட்டைக் கரி, ஒரு படை சிப்பி. பின்னேரம் ஐந்து மணிக்குக் கொளுத்தினோம். சுண்ணாம்பாக மாற 900 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். அப்புவுக்குப் பாகைக் கணக்குத் தெரியாது. துளைக்குள் எட்டிப் பார்த்து, "சிவப்புக் காணாது, பழுத்த மாம்பழ நிறம் வரவேணும்" என்று நடுச்சாமம் வரைக்கும் கரி போடச் சொன்னார். அந்த நிறம் 900ஐ ஒட்டிய சூட்டில்தான் வரும்.

காலையில் ஆறியதை அள்ளினோம். ஓட்டின் வரிகூடக் குலையாமல் சிப்பி சிப்பியாகவே இருந்தது, ஆனால் கையில் பஞ்சு மாதிரிப் பாரமில்லை. நூறு பங்கு சுண்ணக்கல்லைச் சுட்டால் 44 பங்கு காபனீரொட்சைட்டாகப் போய் 56 பங்குதான் மிஞ்சும். 50 கிலோவுக்கு 28 வரவேண்டும். எனக்கு வந்தது 31. நடுவில் கிடந்த மூன்று நாலு பிடி சரியாக வேகவில்லை. அவற்றைப் பொறுக்கி எறிந்தேன். ஒரு மட்டி ஓட்டைத் தண்ணீரில் போட்டேன். ஒரு கணம் அப்படியே மிதந்தது. அப்புறம் சீறிக்கொண்டு வரி வரியாக வெடித்து, மல்லிகை விரிவது போல விரிந்து, வெள்ளை மாவாகக் கீழே இறங்கியது.

வைகாசி

முதற்படை: ஊறிய சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்றுமணல் மூன்று. இடுப்பளவுக்குக் கீழே மட்டும் பழைய கூரை ஓட்டை இடித்து அரித்த தூள் அரைப் பங்கு சேர்த்தேன். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். தண்ணீர் மேலதிகமாக ஊற்றவே இல்லை. முதலில் கலவை வறண்டதாகத்தான் தெரியும். மிதித்து, சவளால் வெட்டி வெட்டிப் புரட்டினால் சுண்ணாம்பிலிருக்கும் நீரே வெளியில் வந்து வெண்ணெய் போலாகும். என்னோடு நின்ற இரண்டு பொடியளுக்கும் இதை நம்ப வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கல்லை முதல்நாள் இரவும் காலையும் நனைத்து, சாந்தகப்பையால் வீசி எறிந்து, மரப்பலகையால் அழுத்தினோம். அன்று மத்தியானம் சோளகம் எழும்பிவிட்டது. பின்னேரத்துக்குள் சுவர் வெளுத்தது. அடுத்த நாள் காலை பார்த்தால் ஆமை ஓடு மாதிரி வெடிப்பு, தட்டினால் கழன்றது. சீமெந்து வேலையில் வந்த பழக்கம் எனக்கு. காய்ந்தால் இறுகிவிட்டது என்று நினைப்பேன். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. சுட்டபோது விட்ட காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் கல்லாகும். அதை வாங்குவதற்கு உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தே ஆகவேண்டும். அவசரமாகக் காய்ந்தால் வெறும் தூள்தான்.

முழுவதையும் சுரண்டி எடுத்தோம். ஐந்து நாள் வேலை போனது. இரண்டாம் முறை சுவருக்கு முன் கம்பு நட்டுத் தறப்பாள் கட்டினோம். சுவரில் தொடாமல் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மட்டும் பூசினோம். பக்கத்து வளவு அக்காமார் முறை வைத்து நாளைக்கு நாலு தரம் சாக்கு நனைத்தார்கள். ஒரு படை 8 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை. பத்து நாள் கழித்து இரண்டாம் படை. அது ஆனி முதலாம் கிழமையில் முடிந்தது. பிறகு சிப்பிச் சுண்ணாம்பில் மெல்லிய முகப்பூச்சு. அதற்கு மட்டும் பனங்கட்டித் தண்ணீர் கொஞ்சம் விட்டேன். சர்க்கரை கரைந்த நீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும், பூச்சு வழுக்கிக்கொண்டு படியும். கூடினால் இறுகுவது பிந்தும் என்பதால் வாளிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடவில்லை. முட்டை, கடுக்காய் என்று ஆளுக்கொரு கைமருந்து சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே சுவரில் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

மேலே பெயின்ற் இல்லை. தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பை ஐந்து தரம் வெள்ளையடித்தோம்.

வேலை நடந்தபோது ஒரு பொடியன் கேட்டான், கல் இவ்வளவு வடிவாக இருக்கிறதே, பூசாமல் கல் தெரியும்படி விட்டால் என்ன என்று. எனக்கும் அந்தப் பூக்களை மூட மனமில்லைதான். ஆனால் கோவாவில் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பொம் ஜேசு பேராலயத்தின் கதை தெரிந்ததால் மூடினேன். 1605இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம் அது. செம்புரைக்கல்லில் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். 1950களில் பழமையாகத் தெரியட்டும் என்று அந்தப் பூச்சை உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மழைக்கு மழை அந்தக் கல் கரைந்துகொண்டே இருக்கிறது. பூச்சு அழகுக்குப் போட்டதல்ல, கல்லுக்குப் பதிலாகத் தேய்வதற்குப் போட்டது. பாதர் கேட்டுக்கொண்டதால், உள்பக்கம் பலிபீடத்துக்கு இடப்புறம் ஒரு முழச் சதுரம் மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம். பூசை முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் பூக்களை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

ஆடி, கடைசி

கல்வீடு, சீமெந்துக்கல் வீடு என்று பதினைந்து வருடமாகக் கட்டுகிறேன். ஒரு பூச்சு உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டது இதுதான் முதல்முறை. பக்கத்துப் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியை சின்னப் போத்தலில் பினோப்தலீன் தந்தார். காரம் உள்ள இடத்தில் பட்டால் அது சிவக்கும், கல்லாக மாறிவிட்ட இடத்தில் நிறமில்லாமல் நிற்கும்.

யன்னலுக்கு மேலே, ஓட்டுத்தூள் சேராத இடத்தில், எட்டுக் கிழமை வயதான பூச்சில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு உடைத்தேன். உடைந்த முகத்தில் சொட்டு விட்டேன். வெளிப்புற விளிம்பில் 4 மில்லிமீற்றர் அளவுக்கு வெள்ளையாகவே இருந்தது. அதற்கு உள்ளே, கோடு போட்டுப் பிரித்தது போல, கல் வரைக்கும் நல்ல ரோசாப்பூ நிறம். அப்புவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வெள்ளைப் பக்கம் கல்லாப் போச்சுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "மற்றது?" அது இன்னும் சுண்ணாம்புதான், மெல்ல மெல்ல மாறும் என்றேன். துண்டை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

உடைத்த இடத்தை அடைத்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் கடற்பக்கத்துக் கூரைத் தாழ்வாரத்தை இன்னும் ஓரடி வெளியே நீட்ட வேண்டும், சுவரடியில் 2011இல் நாங்களே போட்ட கொங்கிறீட் தரையை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சல்லி போட வேண்டும். மார்கழியில் அடுத்த துண்டு. எடுக்கப்போகும் இடத்தைப் பழைய அடைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.